மூன்று வீட்டுக் கரண்ட் பில், ஒரு 24 மாத ஒப்பந்தம்

2025 ஆகஸ்ட் மாதத்தோடு எங்கள் வீட்டு மின்சார ஒப்பந்தம் முடிந்தது. சிங்கப்பூரில் வீட்டுக்கு மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பதை நாமே முடிவு செய்யலாம். 2018 ஏப்ரலில் ஜூரோங் வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கி, அந்த ஆண்டு நவம்பரிலிருந்து வட்டாரம் வட்டாரமாக, 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதற்கும் இந்த வசதி வந்துவிட்டது. எங்களுடையது புக்கிட் பாத்தோக்கில் ஒரு நான்கறை வீவக வீடு, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு. கணவர், நான், இரண்டு பிள்ளைகள். மாதத்துக்குச் சுமார் 410 யூனிட் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி படுக்கையறை ஏர்கான்தான்.

இரண்டு ஆண்டுகள் கையில் வைத்திருந்த திட்டத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் புதுப்பிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திருச்சியில் இருக்கும் அம்மாவின் பில்லையும், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அண்ணனின் பில்லையும் என் பில்லோடு பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். அதன் பிறகு இதைத் தனியாக எழுத முடியவில்லை.

முதலில் திட்டம். நான் எடுத்திருந்தது நிலையான விலைத் திட்டம். யூனிட்டுக்கு, ஜிஎஸ்டி சேர்த்து, 29 காசை (சிங்கப்பூர் சென்ட்டை) ஒட்டி ஒரே விலை, 24 மாதத்துக்கு. எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு எஸ்பி குழுமம்தான் மின்சாரம் விற்கிறது. அந்தக் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், எரிசக்திச் சந்தை ஆணையம் அதைப் பார்த்து ஒப்புதல் தருகிறது. எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை, ஜிஎஸ்டிக்கு முன், 19.60 காசு. இரண்டே ஆண்டில், 2022இல் அதே மாதங்களில், 30 காசைத் தாண்டிவிட்டது. 2024இன் முதல் மூன்று மாதத்தில் 29.89, ஜிஎஸ்டி சேர்த்தால் 32.58. 2025 ஜூலை-செப்டம்பரில், ஜிஎஸ்டிக்கு முன், 27.47 காசு.

இப்படி ஏறி இறங்குவதற்குக் காரணம் எரிவாயு. இங்கே மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாக ஒரு பகுதி, கப்பலில் திரவமாக ஒரு பகுதி. அணை கட்ட ஆறு இல்லை, காற்றாலை வைக்கக் காற்றும் இடமும் இல்லை. வெளியே எரிவாயு விலை ஏறினால் புக்கிட் பாத்தோக்கில் என் ஏர்கான் விலையும் ஏறும். இதோடு, 2019இல் வெளியேற்றும் கரியமில வாயு ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்த கரிம வரி 2024இல் 25 வெள்ளியானது, 2026இலிருந்து 45. அதுவும் கடைசியில் நம் பில்லில்தான் வந்து சேரும்.

அதனால்தான் நிலையான விலை எனக்குப் பிடித்திருந்தது. 2024 தொடக்கத்தில் பக்கத்து வீட்டு அக்கா பில்லைப் பார்த்துப் பதறியபோது என் விலை அசையவில்லை. பதிவு செய்வதும் சுலபம். அரசாங்கத்தின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸில் உள்ளே போனால் பத்து நிமிடம். வீட்டுக்கு யாரும் வரவில்லை, மீட்டரை யாரும் தொடவில்லை. கம்பி அதே கம்பி, விற்பவர்தான் வேறு. கையெழுத்துப் போடும் முன் எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் ஒரு விவரத் தாள் தர வேண்டும். விலை, ஒப்பந்தக் காலம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், முன்பணம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிற அந்தத் தாளுக்கே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். தயவுசெய்து விலையை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போடாதீர்கள், நடுவில் விலகும் கட்டணத்தைப் பாருங்கள். வீடு மாறப் போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

இப்படிச் சொல்வதற்கு என் பழைய அனுபவமும் ஒரு காரணம். 2019இல் நான் முதன்முதலாகச் சேர்ந்த நிறுவனம் வேறு. அப்போது யூனிட் 18 காசுக்குச் சற்று மேலே கிடைத்தது. 2021 கடைசியில் உலகம் முழுக்க எரிவாயு விலை ஏறியபோது இங்கே சில விற்பனை நிறுவனங்கள் தாங்க முடியாமல் சந்தையை விட்டுப் போயின. என்னுடையதும் அதில் ஒன்று. மின்னஞ்சல் வந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை, ஏதோ ஒரு நாள் காலையில் விளக்கு எரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கணக்கு தானாக எஸ்பி குழுமத்துக்கு மாறியது, எல்லாருக்கும் உள்ள அதே கட்டணத்தில். ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்கவில்லை. விலை கூடியது, அவ்வளவுதான்.

அதே குளிர்காலத்தில் அண்ணனுக்கும் இதே கதி. அவருடைய நிறுவனமும் நடுவில் கையை விரித்துவிட்டது. ஜெர்மனியிலும் மின்சாரம் நிற்காது, அந்த ஊரின் அடிப்படை விநியோக நிறுவனம் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம். ஆனால் அப்போது பல ஊர்களில் புதிதாக வந்து சேர்பவர்களுக்கு ஒரு விலை, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு விலை என்று வைத்தார்கள். அண்ணன் புதிதாக வந்தவர் கணக்கில் போய், பக்கத்து வீட்டுக்காரரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கட்டினார். "விலை ஏறினதுகூடப் பரவாயில்ல, ஒரே படிக்கட்டுல ரெண்டு விலையான்னுதான் மனசு ஆறல" என்றார். அவர் சொன்னது நியாயம். இந்த ஒரு விஷயத்தில் சிங்கப்பூர் ஏற்பாடு மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சரி, இப்போது பில்கள்.

அண்ணன் வீட்டில் ஆண்டுக்கு 2,600 யூனிட். மாதம் சுமார் 217. ஏசி கிடையாது, சமையல் மின் அடுப்பில், வீட்டைச் சூடாக்குவது எரிவாயுவில். யூனிட் 39 யூரோ சென்ட். வீடுகளுக்கான மின்சாரம் உலகத்திலேயே மிக விலை கூடிய நாடுகளில் ஜெர்மனி ஒன்று, 2025இல் அங்கே சராசரியே 40 சென்ட்டை ஒட்டித்தான். மின்சாரத்தின் விலை அதில் ஒரு பகுதிதான். கம்பி வலையமைப்புக் கட்டணம், யூனிட்டுக்கு 2.05 சென்ட் மின்சார வரி, எல்லாவற்றுக்கும் மேலே 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு என்று வாங்கிவந்த கூடுதல் கட்டணம் 2017இல் 6.88 சென்ட் வரை போய், 2022 ஜூலையில்தான் எடுக்கப்பட்டது. அண்ணன் மாதாமாதம் 85 யூரோ மதிப்பீட்டுத் தொகையாகக் கட்டுகிறார். ஆண்டுக் கடைசியில் மீட்டரைப் பார்த்து, குறைந்தால் திருப்பித் தருவார்கள், கூடினால் மொத்தமாகக் கேட்பார்கள். அந்தக் கடிதம் வரும் வாரத்தில் அண்ணியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

என் பில் மாதம் 120 வெள்ளி சுற்றி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வீவக வீடுகளுக்கு அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவு வரும்போது நன்றாகக் குறையும்.

அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 480 யூனிட், சுமார் 1,700 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 240 யூனிட், 850 ரூபாய். அண்ணன் வீட்டு மூன்று பேரும் திருச்சி உறையூரில் அம்மா ஒருவரும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் செலவழிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் கட்டுவதை ரூபாயில் சொன்னால் எட்டாயிரத்து ஐந்நூறு போல வரும். அம்மாவைப் போலப் பத்து மடங்கு. யூனிட் கணக்கில் அம்மாவுக்கு மூன்றரை ரூபாய், எனக்குப் பத்தொன்பது, அண்ணனுக்கு நாற்பது.

உலக விலைப் பட்டியல்கள் இதோடு நின்றுவிடும். குவைத்தில் சொந்த வீடுகளுக்கு 1966இலிருந்து யூனிட் 2 ஃபில்ஸ்தான், ஒரு ரூபாய்கூட இல்லை. பட்டியலில் அது கடைசி வரிசையில் நிற்கும், ஜெர்மனி முன் வரிசையில் நிற்கும், தமிழ்நாடு எங்கோ கீழே மலிவாக நிற்கும். ஆனால் 2024 ஜூன் வெயிலில் குவைத்தில் நேரம் குறித்து மின்வெட்டு விட்டார்கள், அது பட்டியலில் வராது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். பிறகு 2024 ஜூலையில் 22.5, 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறக்கி, ஜூனில் மறுபடி 15 ஏற்றினார்கள். ஒரு நாளைக்கு எடுத்த விலையை வைத்து அவளுடைய இந்த மூன்று ஆண்டுகளை எப்படிச் சொல்வது?

வருமானத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் 14,000 ரூபாய். அதில் 850 என்றால் நூற்றுக்கு ஆறு. அண்ணன் கையில் வாங்குவது 3,400 யூரோ, 85 என்றால் நூற்றுக்கு இரண்டரை. எங்கள் இரண்டு சம்பளமும் சேர்த்தால் மின்சாரத்துக்குப் போவது நூற்றுக்கு இரண்டுதான். மிக மலிவான யூனிட் வாங்குபவர்தான் எங்கள் மூவரில் அதிகமாகச் சுமக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. என்னுடைய 410 யூனிட்டில் முதல் யூனிட்டும் கடைசி யூனிட்டும் ஒரே விலை. ஒரு மணி நேரம் ஏர்கானைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் படிக்கட்டு மாதிரி. இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், 2016 மே மாதத்திலிருந்து. அம்மா மாதிரி எத்தனையோ பேருக்கு அது உண்மையான உதவி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதன் பிறகு மெல்ல ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு விலை கூடுவதோடு, கீழே இருந்த சலுகை விலையில் ஒரு பகுதியும் போய்விடுகிறது. 480 யூனிட்டுக்கு 1,700 ரூபாய் கட்டும் அம்மா, 520 ஆனால் 2,200க்கு மேல் கட்ட வேண்டும். நாற்பது யூனிட்டுக்கு ஐந்நூறு ரூபாய்.

அதனால் அம்மாவுக்குத் தன் மீட்டர் மனப்பாடம். ரீடிங் எடுத்த அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசல் மீட்டரைப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணை எழுதுவார். நாளைக்கு எட்டு யூனிட் என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு. எட்டு அறுபது நானூற்றெண்பது. நானும் அண்ணனும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஏசியை அக்னி நட்சத்திரத்திலும் இரவு இரண்டு மணி நேரம்தான் போடுகிறார். பத்து மணிக்குப் போட்டு, அறை குளிர்ந்ததும் பன்னிரண்டுக்கு நிறுத்திவிட்டு மின்விசிறிக்கு வந்துவிடுவார். அவருக்கு வயது 71. மே மாதத் திருச்சி இரவு எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஜூன் விடுமுறைக்கு நாங்கள் போயிருந்தோம். பிள்ளைகள் இரவு முழுக்க ஏசி போட்டார்கள். புக்கிட் பாத்தோக்கில் பழகிய பழக்கம். 740 யூனிட், 4,200 ரூபாய்க்கு மேல். குறுஞ்செய்தி வந்ததும் நானே கைப்பேசியில் கட்டிவிட்டேன். அம்மா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "விடுடி, பேரப் பிள்ளைங்க வந்தா மீட்டரையா பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். ஆனால் அந்த இருபது நாளும் தன் அறையில் மின்விசிறியைக்கூட ஒன்றில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை எனக்குப் பிறகு வேலைக்கு வரும் அக்காதான் சொன்னார்.

எனக்கு ஒரு ஆசை. 500க்கும் 501க்கும் நடுவே இருக்கும் அந்தத் தாவலைச் சரிவாக ஆக்கலாம். மேலே போகும் யூனிட்டுக்கு மட்டும் கூட்டி வாங்குங்கள், கீழே கொடுத்ததைத் திரும்ப எடுக்காதீர்கள். ஏசி என்பது வசதி என்று இருந்த காலம் போய்விட்டது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கோடையில் அது மருந்து மாதிரி.

என் திட்டத்தைப் புதுப்பித்துவிட்டேன். மறுபடி நிலையான விலை, மறுபடி 24 மாதம், ஜிஎஸ்டி சேர்த்து 27.9 காசு. எஸ்பி கட்டணத்தோடு பார்த்தால் மாதம் எட்டு வெள்ளி மிச்சம். இதைவிடச் சில்லறை மலிவாக இன்னொரு நிறுவனம் கொடுத்தது, ஆனால் விலகும் கட்டணம் கூட. எஸ்பி கட்டணத்தில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்ற திட்டமும் இருந்தது. எரிவாயு விலை இறங்கும் என்று நம்புகிறவர்களுக்கு அது பொருந்தும். எனக்கு மாதக் கடைசியில் எவ்வளவு என்று முன்பே தெரிய வேண்டும். நாலு பேர் இருக்கும், ஏர்கான் ஓடும் நான்கறை வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். இரண்டு பேர் மட்டும், மின்விசிறியோடு சமாளிப்பவர்கள் என்றால் எஸ்பியிலேயே இருங்கள், மிச்சம் இரண்டு மூன்று வெள்ளிக்கு மேல் வராது.

அந்த எட்டு வெள்ளி ஐந்நூற்று முப்பது ரூபாய் போல வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஆயிரம். 500ஐத் தாண்டினால் மேலே வருவதை நான் கட்டுகிறேன், ஏசியை விடியும்வரை போடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சரி சரி என்றார். இன்று காலை அழைத்தபோது காலண்டர் தாளைப் பார்த்து எண்ணைப் படித்தார். 412 யூனிட், ரீடிங் எடுக்க இன்னும் ஒன்பது நாள்.