மெலினெக்ஸ் 516 எல்-உறை: கடிதங்களுக்குத் தாராளமாக வாங்கலாம், படங்களுக்குப் பார்த்துத்தான்

பழைய கடிதங்களைச் சேர்ப்பவர்களில் பலர் இன்னும் ஸ்டேஷனரி கடை பிவிசி ஃபைல் உறையிலேயே போட்டு வைக்கிறார்கள். பிவிசியை வளையவைக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் மேலே கசியும். நம் ஊர் வெக்கையில் சீக்கிரமே கசியும். எழுத்து தாளை விட்டு உறையில் ஒட்டிக்கொள்ளும். அமிலமும் வெளிவரும். பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை இல்லை. மைலார் டி என்ற பாலியெஸ்டர் படலத்தின் தயாரிப்பு நின்றபின், ஆவணக் காப்பகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் படலம் மெலினெக்ஸ் 516. விலை கூடுதல்தான், ஆனால் காசுக்கு ஏற்ற சரக்கு.

எல்-உறையில் அடுத்தடுத்த இரண்டு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும். அதையே வாங்குங்கள். மூன்று பக்கம் ஒட்டியதில் தாளைச் சொருக வேண்டிவரும். மடிப்பு விரிந்த கடிதம் அங்கேயே கிழியும். எல்-உறையின் மேல்படலத்தைத் தூக்கி, உறையின் ஒட்டிய ஓரங்களிலிருந்து 3 மி.மீ. தள்ளிக் கடிதத்தை வைத்து, மூடி, ஒட்டிய மூலையிலிருந்து வெளிப்பக்கமாகப் பருத்தித் துணியால் ஒரு தடவை நீவினால் போதும். நிலைமின்சாரமே தாளைப் பிடித்துக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது கடிதத்தை இழுக்கவே கூடாது, படலத்தைத்தான் உரிக்க வேண்டும். கடிதத்துக்கு 50 மைக்ரான் போதும். ஏ3-ஐத் தாண்டினால் 100 மைக்ரான் வாங்குங்கள். மெல்லியது தொய்ந்து தாளையும் சேர்த்து வளைக்கும்.

அந்த நிலைமின்சாரம்தான் இதன் பெரிய குறையும். கரித்துண்டு, பேஸ்டல் (வண்ணப்பொடிக் குச்சி) படங்களை இதில் போடவே வேண்டாம், பொடி படலத்துக்குப் போய்விடும். ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792-ல் தென்னாட்டைச் சுற்றி வரைந்து பிறகு லண்டனில் அச்சிட்ட காட்சிகளைப் போன்ற, கையால் வண்ணம் தீட்டிய அக்வாடின்ட் (செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் படம்) என்றால், முதலில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வண்ணம் தாளோடு படிந்திருந்தால் போடலாம். செதில் எழும்பியிருந்தால் மவுன்ட் அட்டைதான் சரி. மை காயத் தூவிய மணல் இன்னும் எழுத்தின் மேல் மின்னுகிற கடிதங்களுக்கும் இதே எச்சரிக்கை.

அடுத்தது அமிலம். பாலியெஸ்டருக்குள் காற்று அவ்வளவாகப் போய்வராது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி மரக்கூழ்த் தாள் தன் அமிலத்திலேயே வேகும். அதன் பின்புறம் காரம் சேர்த்த தாள் ஒன்றை வைத்தால் அது அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பிரஷ்யன் நீலம் தீட்டிய படத்துக்குக் காரம் ஆகாது, நீலம் வெளிறும். அதற்குக் காரம் சேர்க்காத தாள்.

மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மையில் எழுதிய கடிதங்களுக்கு ஈரம்தான் எமன். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு படர்ந்திருந்தால் மை தாளை அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஐப்பசி அடைமழையில் உறையில் போடாதீர்கள், தாள் குடித்த ஈரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாளில் போடுங்கள். அரக்கு முத்திரை உள்ள கடிதங்களை உறையில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முத்திரை நொறுங்கும். அவற்றுக்கு முத்திரை அளவுக்குத் துளையிட்ட அட்டை தேவை.

பாலியெஸ்டர் என்று சொல்லி பிவிசியை விற்பதும் உண்டு. செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத் துணுக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அது பிவிசி. வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல.

அளவிலும் ஏமாறவேண்டாம். பழைய ஃபுல்ஸ்கேப் தாள் சுமார் 13 அங்குல நீளம், ஏ4 உறைக்குள் அடங்காது. இரண்டு பக்கம் திறந்திருப்பதால் ராமபாணப் பூச்சியும் தாராளமாக நுழையும். உறைகளை மூடி போட்ட, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்கவைத்தே வையுங்கள்.