செக்ரட்டேரியட்டா, நார்தர்ன் டான்சரா? குட்டிகளை வைத்து ஒரு கணக்கு

சித்தப்பா கிண்டியில் முப்பது வருஷம் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். இப்போது நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் நான்கு கறவை மாடுகளோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரிலிருந்து பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போவேன். எதில் ஆரம்பித்தாலும் பேச்சு குதிரையில் வந்து நிற்கும். எனக்கு செக்ரட்டேரியட் என்ற பந்தயக் குதிரை என்றால் உயிர். அவருக்கு நார்தர்ன் டான்சர் என்ற குதிரை.

ஓட்டத்தில் எது பெரியது என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. 1973இல் அமெரிக்காவின் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் செக்ரட்டேரியட் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 வினாடியில் ஓடி, 31 குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. அந்தப் பந்தயத்தில் அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. நார்தர்ன் டான்சர் 1964இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தைச் சரியாக 2 நிமிடத்தில் முடித்துச் சாதனை வைத்தது. அதையும் உடைத்தது செக்ரட்டேரியட்தான். இதைச் சித்தப்பாவும் ஒத்துக்கொள்வார். பொலிகுதிரையாக, அதாவது குட்டிகளுக்குத் தகப்பனாக, எது பெரியது என்று கேட்டால்தான் அவர் குரல் உயரும்.

தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தில் சினை ஊசி கிடையாது. செயற்கை முறையில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் என்று பதிவு செய்யவே மாட்டார்கள். பெட்டையைப் பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கே ஓட்டிப் போக வேண்டும். சினைக்காலம் 11 மாதம், வருஷத்துக்கு ஒரே குட்டி. அந்தக் குட்டி இரண்டு வயதில்தான் ஓடத் தொடங்கும். 1974இல் பண்ணை வேலையைத் தொடங்கிய செக்ரட்டேரியட்டின் முதல் குட்டிகள் ஓடியது 1977இல். அதுவரை வாங்குபவர் கையில் இருந்தது தகப்பனின் பெயர், வம்சம், உடம்பு, அவ்வளவுதான். இந்த இடைவெளியில்தான் பெரிய பணம் போகிறது. செக்ரட்டேரியட்டின் முதல் வருஷக் குட்டிகளில் ஒன்று கனேடியன் பவுண்ட். 1976 ஏலத்தில் 15 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை.

சித்தப்பா இதைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம் நான் ஸ்னாஃபி டான்சரை எடுப்பேன். நார்தர்ன் டான்சரின் மகன், 1983இல் 1 கோடியே 2 லட்சம் டாலர் விலை. அது பந்தயத்துக்கே வரவில்லை. பண்ணையிலும் பெட்டைகளைச் சினையாக்கும் திறன் மிகக் குறைவு. ஒரு குட்டியைக் காட்டித் தகப்பனை உயர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது.

அதனால் மொத்தக் கணக்குக்கு வருவோம். இரண்டுக்கும் குட்டிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், 650ஐ ஒட்டி. ஸ்டேக்ஸ் என்னும் உயர்தரப் பந்தயங்களில் ஜெயித்தவை செக்ரட்டேரியட்டுக்கு நூற்றுக்கு எட்டு, நார்தர்ன் டான்சருக்கு நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்து மூன்று. எட்டு என்பதே நல்ல கணக்கு. தோற்ற பொலிகுதிரை என்று செக்ரட்டேரியட்டை எழுதுவது அநியாயம். ஆனாலும் இருபத்து மூன்றுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைக்க முடியாது.

தாய் சரியில்லை என்ற சாக்கும் இங்கே எடுபடாது. 60 லட்சம் டாலருக்கு மேல் பலர் பங்கு பிரித்து வாங்கிய செக்ரட்டேரியட்டுக்கு யாரும் சுமாரான பெட்டையை அனுப்பவில்லை. பொதுவாகத் தகப்பனுடைய பங்கைப் பிரித்துப் பார்க்க நல்ல வழி, அதே தாய் வேறு தகப்பனுக்குப் போட்ட குட்டிகளோடு ஒப்பிடுவது. சித்தப்பா வீட்டில் இது கண்ணெதிரே நடக்கிறது. கறுப்புப் பசுவுக்கு முதலில் ஜெர்சி ஊசி, அடுத்து எச்.எஃப். என்னும் ஹோல்ஸ்டீன் பிரீசியன் ஊசி. ஒரே வயிற்றில் இரண்டு கிடேரி. இரண்டும் இன்று கறவையில். மூத்தது மடியைத் தொட்டதும் அசையாமல் நிற்கும். இளையதுக்குப் பால் அதிகம். ஆனால் பின்னங்காலைக் கட்டாமல் சித்தி செம்பை நீட்ட மாட்டார். நாள்தோறும் கறந்த அளவு ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வரிசையாக ஏறுகிறது.

சாயலில் பலர் ஏமாந்தார்கள். செக்ரட்டேரியட் செம்பழுப்பு நிறம், 16.2 கை உயரம்; ஒரு கை என்றால் 4 அங்குலம், 16.2 என்றால் 16 கையும் 2 அங்குலமும். அதே நிறத்தில் அதே உடம்போடு இன்னொன்று பிறக்கும் என்று காத்திருந்தார்கள். அதன் பிள்ளைகளில் ஓட்டத்தில் மிகச் சிறந்தவை இரண்டு. 1986இல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரையான லேடிஸ் சீக்ரெட் சின்ன உடம்புச் சாம்பல் நிறப் பெட்டை. 1988இல் பிரீக்னஸ், பெல்மான்ட் பந்தயங்கள் இரண்டையும் ஜெயித்த ரைசன் ஸ்டார் கரும்பழுப்பு.

நார்தர்ன் டான்சர் 15.2 கைதான். குட்டியாக 25,000 டாலர் விலை சொன்னபோது குள்ளம் என்று யாரும் வாங்கவில்லை. அதன் மகன் நிஜின்ஸ்கி நல்ல உயரம், 1970இல் இங்கிலாந்தின் டிரிபிள் கிரவுனையே, அதாவது மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருஷத்தில், வென்றது. இன்னொரு மகன் தி மின்ஸ்ட்ரல் தகப்பனைப் போலவே சிறிய உருவம், நான்கு காலிலும் வெள்ளை, 1977இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தை ஜெயித்தது. உருவத்தில் சம்பந்தமில்லாத இரண்டும் முன்னால் வந்து முடித்தன. குட்டியைப் பார் என்றால் நிறத்தையும் உயரத்தையும் பார் என்று நான் எடுத்துக்கொள்ளாததற்கு இவையே காரணம்.

அப்புறம் பொலிகுதிரையாக நின்ற மகன்கள். முதலில் நார்தர்ன் டான்சருடையவை. டான்சிக் மூன்றே பந்தயம் ஓடி, மூன்றையும் ஜெயித்து, காயத்தால் ஒதுங்கியது. பண்ணையில் அமெரிக்காவின் முதலிடப் பொலிகுதிரை ஆனது. சாட்லர்ஸ் வெல்ஸ் பிரிட்டன், அயர்லாந்துப் பட்டியலில் 14 முறை முதலிடம். நம் நாட்டுக்கு வந்த ரஸீன் 1990 எப்சம் டெர்பியில் எல்லாரும் பணம் கட்டிய குதிரை, தோற்றுப்போனது. உஷா ஸ்டட் பண்ணைக்கு வந்தபின் இந்தியாவின் முதலிடப் பொலிகுதிரையாகப் பலமுறை நின்றது. இதற்கு ஈடாக நீட்ட செக்ரட்டேரியட்டின் மகன்களில் என்னிடம் ஒருவரும் இல்லை. பல ஞாயிறுகள் இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கிறேன்.

ஒரு நாள் சித்தி, பால் செம்பைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “ஏன் தம்பி, பொட்டைக் குட்டிங்க எல்லாம் என்ன ஆச்சு? மாட்டுல நாம அதைத்தானே பாக்குறோம்?”

எனக்கு அது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இன்றும் வருத்தம். மாட்டில் பொலிகாளையின் மதிப்பே அதன் மகள்கள் கறப்பதில்தான் இருக்கிறது. குதிரையில் நாங்கள் மகன்களையும் கோப்பைகளையும் எண்ணிக்கொண்டிருந்தோம். செக்ரட்டேரியட்டின் மகள் டெர்லிங்குவா போட்ட குட்டி, பின்னால் பெரிய பொலிகுதிரையான ஸ்டார்ம் கேட். இன்னொரு மகள் வீக்எண்ட் சர்ப்ரைஸ், 1990 பிரீக்னஸ் ஜெயித்த சம்மர் ஸ்குவாலுக்கும், 1992இல் ஆண்டின் சிறந்த குதிரையான ஏ.பி. இண்டிக்கும் தாய். சீக்ரெட்டேம் என்ற மகள், அதேபோல் பெயர்பெற்ற பொலிகுதிரையான கான் வெஸ்டைப் போட்டது. 1992இல் அமெரிக்காவில் மகள் வழிப் பேரப்பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் முதலிடத் தாத்தா செக்ரட்டேரியட். பெரிய இதயம் மகள்கள் வழியாக இறங்கியது என்று ஒரு விளக்கம் உண்டு. அது நிரூபிக்கப்பட்டதில்லை, நான் அதைப் பிடித்துத் தொங்க மாட்டேன். பேரப்பிள்ளைகளின் கணக்கே போதும்.

இப்போது யாராவது கேட்டால் என் பதில் இது: குட்டியை ஓட்டிப் பந்தயம் ஜெயிக்க வேண்டும், ஒரே குட்டிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நார்தர்ன் டான்சர். பெட்டைக் குட்டியைப் பத்துப் பதினைந்து வருஷம் பண்ணையில் வைத்துக்கொள்ளப் பொறுமையும் இடமும் இருந்தால் செக்ரட்டேரியட். சித்தப்பா முதல் பாதியை மட்டும் கேட்டுத் தலையாட்டினார்.

போன வாரம் அவரிடம் மூன்று பெயர்களைச் சொன்னேன். 1984இல் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான முதல் பிரீடர்ஸ் கப் ஜுவனைல் பந்தயத்தை ஜெயித்த சீஃப்ஸ் கிரவுன், தகப்பன் டான்சிக், தாய் செக்ரட்டேரியட்டின் மகள் சிக்ஸ் கிரவுன்ஸ். ஸ்டார்ம் கேட், தகப்பன் ஸ்டார்ம் பேர்ட். சம்மர் ஸ்குவால், தகப்பன் அதே ஸ்டார்ம் பேர்ட். டான்சிக்கும் ஸ்டார்ம் பேர்டும் நார்தர்ன் டான்சரின் மகன்கள். மூன்றிலும் அவர் குதிரை தகப்பன் வழித் தாத்தா, என் குதிரை தாய் வழித் தாத்தா. ஸ்டார்ம் கேட்டோடு ஒரு பெட்டையைச் சேர்க்க 2000களில் 5 லட்சம் டாலர் கேட்டார்கள் என்றதும், பால் கணக்கு நோட்டைப் பின்பக்கம் திருப்பி, மூன்று பெயரையும் மெதுவாக எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.