எக்செல்லா, டேட்டாபேஸா?

வணிகத்தில் கணினி என்ற பாடத்தை முதல் பருவத்தில் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் கண்டிப்பாக வரும். எக்செல்லிலும் வரிசை, நெடுவரிசை. டேட்டாபேஸை, அதாவது பதிவுகளை விதிப்படி சேமித்துவைக்கும் தரவுத்தளத்தைத் திறந்தால் அங்கேயும் வரிசை, நெடுவரிசை. பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு இரண்டாவது? "தரவு அதிகமானால் டேட்டாபேஸுக்குப் போ" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி. ஐந்நூறு வரிசை உள்ள கோப்பு டேட்டாபேஸில் இருந்திருக்க வேண்டியதாக இருக்கலாம். ஐம்பதாயிரம் வரிசை எக்செல்லிலேயே நிம்மதியாக இருக்கலாம். எத்தனை பேர் அதில் கை வைக்கிறார்கள், தப்பாக எழுதினால் தடுப்பது யார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நான் சூடுபட்ட கதை ஒன்று. வாடிக்கையாளர் பட்டியல். இடப்பக்கம் பெயர், முகவரி, தொலைபேசி எண். வலப்பக்கம் பாக்கித் தொகை, கடைசியாகப் பணம் கட்டிய தேதி. நடுவில் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு நெடுவரிசையைக் காலியாக விட்டிருந்தார்கள். பெயரை அகரவரிசையில் அடுக்கச் சொல்லிப் பொத்தானைத் தட்டினேன். காலி நெடுவரிசை வந்தால் அதோடு அட்டவணை முடிந்தது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். இடப்பக்கம் முழுக்க இடம் மாறியது, வலப்பக்கம் அசையவே இல்லை. ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் கடன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சேமித்து மூடிவிட்டேன். பாக்கியே வைக்காத ஒருவர் போனில் கத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது.

டேட்டாபேஸில் இப்படி நடக்க வழியில்லை. அங்கே ஒரு வரிசை என்பது ஒரே கட்டு. பெயர் தனியாக, பாக்கி தனியாக நகராது. வரிசைகளுக்குள் நிலையான முன்பின் என்பதே கிடையாது. அகரவரிசையில் கேட்டால் அப்படிக் காட்டும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கும்.

இரண்டும் பிறந்த விதத்தைப் பார்த்தாலே குணம் புரிந்துவிடும். 1970-இல் ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் தன் கட்டுரையில் இன்றைய டேட்டாபேஸ்களுக்கான அடித்தளத்தைப் போட்டார். பெரிய தரவுக் கிடங்கைப் பயன்படுத்துகிறவர், உள்ளே எது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்பது அவர் கவலை. பல பேர் பல வருடம் பயன்படுத்தப்போகும் பொருளைப் பற்றிய கவலை அது.

எக்செல்லின் மூதாதையான விசிகால்க் வந்தது 1979-இல். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினுக்கு வகுப்பில் உதித்த யோசனை. கரும்பலகையில் இருக்கும் கணக்கில் ஒரு எண்ணை மாற்றினால், அதைத் தொட்ட எல்லா எண்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். அதை இயந்திரம் செய்தால் என்ன? பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து ஆப்பிள் 2 கணினிக்கு அதை உருவாக்கினார். எக்செல் 1985-இல்தான் வந்தது, அதுவும் முதலில் மெக்கின்டாஷுக்கு. ஆக இந்தக் குடும்பமே ஒரு ஆள் உட்கார்ந்து "விலையை இரண்டு சதவீதம் ஏற்றினால் லாபம் என்ன ஆகும்?" என்று யோசிப்பதற்காகப் பிறந்தது. அந்த வேலையில் எக்செல்லை அடித்துக்கொள்ள ஆளில்லை. டேட்டாபேஸை வைத்துக்கொண்டு அப்படி விளையாடிப் பாருங்கள், அரை நாளில் அலுத்துவிடும்.

எக்செல்லின் தாராள மனசுதான் அதன் சிக்கலும். கட்டத்தில் எண்ணும் போடலாம், எழுத்தும் போடலாம், "நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்" என்றும் எழுதலாம். சில நேரம் நாம் எழுதியதை அதுவே மாற்றியும் விடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும், ஏனென்றால் 15 இலக்கம்வரைதான் அதற்குத் துல்லியம். மார்ச்1 என்ற மரபணுவின் பெயரைத் தேதி என்று எடுத்துக்கொண்ட கூத்தும் நடந்தது. ஆராய்ச்சியாளர்கள் போராடிப் பார்த்துவிட்டு, 2020-இல் மரபணுவுக்கே மார்ச்எஃப்1 என்று பெயரை மாற்றிவிட்டார்கள்!

அதே 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. கோவிட் பரிசோதனை முடிவுகளை எக்செல்லின் பழைய எக்ஸ்.எல்.எஸ் வடிவக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. மிஞ்சியது சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் 15,841 பேரின் தொற்று தினசரிக் கணக்கில் வராமல் போனது, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தாமதமானது. புதிய வடிவத்தில் 10,48,576 வரிசை வரை இடம் உண்டு என்பது உண்மை. என்னைப் பயமுறுத்துவது எல்லை அல்ல, அந்த மௌனம். டேட்டாபேஸாக இருந்தால் "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கும்.

அந்த "முடியாது"தான் டேட்டாபேஸில் நாம் காசு கொடுத்து வாங்குவது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வாங்காது. பட்டியலில் இல்லாத வாடிக்கையாளர் பெயரில் ஆர்டர் போட விடாது. கடைசியாக மிஞ்சிய ஒரு பொருளை இரண்டு பேர் ஒரே நொடியில் விற்கப் பார்த்தால், சரியாக அமைத்த டேட்டாபேஸ் ஒருவருக்குத்தான் கொடுக்கும். இன்று பல பேர் ஒரே ஷீட்டை இணையத்தில் சேர்ந்து திருத்தலாம்தான், ஆனால் இந்தக் காவல் வேலையை ஷீட் தானாகச் செய்யாது.

டேட்டாபேஸுக்கும் குறை நிறைய. எதையும் போடுவதற்கு முன்பே எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும், ஆரம்பத்தில் அது யாருக்குத்தான் தெரியும்? ஒவ்வொரு புது அறிக்கைக்கும் விவரம் தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும். அப்புறம், ரொம்பக் கண்டிப்பாக இருந்தால் மக்கள் பொய் எழுத ஆரம்பிப்பார்கள். தொலைபேசி எண் கட்டாயம் என்று வைத்த இடத்தில் வரிசையாகப் பத்து ஒன்பதுகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, ஆயத்தமாக வாங்கும் கணக்கு மென்பொருள், இன்னும் பெரியதாக எஸ்.ஏ.பி மாதிரியான இ.ஆர்.பி (கணக்கு, சரக்கு, கொள்முதல் என்று நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு அடியிலும் டேட்டாபேஸ்தான் ஓடுகிறது, நீங்கள் வடிவமைக்கவில்லை என்பதே வித்தியாசம். வடிவமைத்தவரின் பழக்கத்துக்கு உங்கள் வேலையை வளைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒருவர் மட்டும் கையாளும் கணக்கு, மதிப்பீடு, திட்டம் என்றால் எக்செல்லை விட்டு நகராதீர்கள். ஆர்டர், சரக்கு, வாடிக்கையாளர் என்று பல கைகள் தொடும் பதிவுகள் டேட்டாபேஸுக்குப் போகட்டும். அங்கிருந்து பிரதி எடுத்து எக்செல்லில் அலசுங்கள். திருத்தம் இருந்தால் மூலத்தில் செய்யுங்கள், பிரதியில் அல்ல. எப்போது மாறுவது என்று சந்தேகமாக இருந்தால் ஷீட்டின் தலைப்பு வரிசையை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். பொருள்1, பொருள்2, பொருள்3 என்று எண் போட்ட தலைப்புகள் இருந்தால், ஒரே வகைத் தகவல் பக்கவாட்டில் பெருகிக்கொண்டே போகிறது என்று அர்த்தம், அது தனி அட்டவணையாகப் பிரிய வேண்டிய இடம். பொருள்4 சேர்க்கக் கை போவதற்குள் கிளம்பிவிடுங்கள்.