டயோக்ளீசியனா, கான்ஸ்டன்டைனா: யாரிடமிருந்து தொடங்குவது?

பிற்கால ரோமை அறிய விரும்புவோர் பலர் டயோக்ளீசியன், கான்ஸ்டன்டைன் ஆகிய இரு ரோமானியப் பேரரசர்களில் யாரை முதலில் படிப்பது என்று தயங்குகிறார்கள்.

அதிகாரம்: கி.பி. 293இல், பேரரசை நான்கு ஆட்சியாளர்கள் பகிர்ந்து ஆளும் நால்வர் ஆட்சியை நிறுவிய டயோக்ளீசியன், 305இல் தாமே பதவி துறந்தார், கான்ஸ்டன்டைனோ போட்டியாளர்களை ஒவ்வொருவராக வீழ்த்தி 324இல் தனிப் பேரரசரானார்.

பொருளாதாரம்: வேறுபாடு இங்குதான் நன்கு துலங்குகிறது. கோதுமை முதல் காலணி வரை உச்சவிலை விதித்து, மீறினால் மரண தண்டனை என்று மிரட்டிய டயோக்ளீசியனின் 301ஆம் ஆண்டு ஆணை பலிக்கவில்லை. ஒரு ரோமானிய ராத்தல் பொன்னுக்கு 72 வீதம் அடிக்கப்பட்ட கான்ஸ்டன்டைனின் சாலிடஸ் நாணயமோ பல நூற்றாண்டுகள் புழங்கியது.

சமயம்: முன்னவர் 303இல் கிறித்தவர்களை ஒடுக்கத் தொடங்கினார்; பின்னவர் 313இல் வழிபாட்டுரிமை வழங்கினார்.

கிறித்தவத்தின் எழுச்சியை நாடுவோருக்குக் கான்ஸ்டன்டைனே பொருத்தம். அரசு இயந்திரத்தை அறிய விரும்புவோருக்கு டயோக்ளீசியனையே பரிந்துரைப்பேன். மாகாணங்களைச் சிறிதாக்கி அவர் இட்ட அடித்தளத்தின் மீதே கான்ஸ்டன்டைன் கட்டியெழுப்பினார்.