தோள்வலி: முதலில் ஸ்கேனா, கைப்பரிசோதனையா?

சென்ற ஆண்டு என் வலது தோளில் கிளம்பிய வலிக்கு இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூன்று வாரம் கழித்து, பிசியோதெரபிஸ்ட் தோளைக் கையால் தொட்டும் அசைத்தும் பார்க்கும் கைப்பரிசோதனை. வரிசையை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நடுநிலை வேடம் போடாமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேனின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. படமும் அறிக்கையும் கையில் இருக்கும், எந்த மருத்துவரிடமும் காட்டலாம். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கைப்பரிசோதனைக்குச் செலவு குறைவு, ஆனால் பார்ப்பவருக்குக் கைப்பழக்கம் இருக்க வேண்டும். இவற்றைப் பற்றி இதற்குமேல் விரிக்க ஒன்றுமில்லை.

என் அறிக்கையில் மூன்று கோளாறுகள் எழுதியிருந்தார்கள். காறை எலும்பின் வெளிமுனை தோள்பட்டை எலும்போடு சேரும் ஏ.சி. மூட்டில் தேய்மானம், கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாரில் பகுதிக் கிழிசல், அதற்கு மேலுள்ள நீர்ப்பையில் வீக்கம். ‘கிழிசல்’ என்ற சொல்லைப் படித்த அன்றிலிருந்து வலி இரண்டு பங்காகிவிட்டது. தண்ணீர் வாளியைத் தொடவில்லை. வீட்டில் ஆபரேஷன் பேச்சே வந்துவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் அந்த அறிக்கையை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “சார், வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள்” என்றார். காறை எலும்பு முடிகிற மேட்டில் விரலை வைத்தேன். தோளின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவிக் காட்டியிருந்தால் தசைநாரைத்தான் முதலில் சந்தேகித்திருப்பாராம். பிறகு கழுத்தைத் திருப்பச் சொல்லி, பின்னால் சாய்த்து, தலையை மெல்ல அழுத்தினார். தோளின் மேற்பரப்புக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு கழுத்திலிருந்துதான் இறங்குகிறது. அங்கே கோளாறு இருந்தால் வலி காறை எலும்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அதில் வலி ஒன்றும் தெரியவில்லை. கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னார். தசைநார் சிக்கலில் 60 முதல் 120 டிகிரிவரை வலிப்பது வழக்கம். எனக்கு நடுவில் சுகமாகப் போய், கை காதை ஒட்டும் கடைசிக் கட்டத்தில்தான் சுருக்கென்றது.

கடைசியில் என் வலக்கையை மார்புக்குக் குறுக்கே இடத்தோள் பக்கம் இழுத்தார். மேட்டின்மேல் ஊசி குத்தியதுபோல் இருந்தது. உடனே அவர் கேட்டார்: “நீங்கள் வீட்டில் அனுபவிக்கிற அதே வலியா, வேறு வலியா?”

அதே வலிதான். சட்டையின் இடது கை மடிப்பைச் சரிசெய்யும்போதும், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போதும் வருகிற அந்த வலியேதான்.

இரண்டையும் ஒப்பிடும்போது எனக்கு முடிவைத் தீர்த்துக் கொடுத்தது இந்த ஒரு கேள்வி. ஸ்கேன் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும். அவற்றில் எது வலிக்கிறது என்று சொல்லாது. நாற்பதைத் தாண்டிய தோளில் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தோளில் எந்தத் தொல்லையும் இல்லாத, 40 முதல் 70 வயதுவரையிலான 51 ஆண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 96 சதவீதம் பேரின் தோளில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. அப்படியானால் என் அறிக்கையின் மூன்று வரிகளில் எது குற்றவாளி, எது நரைமுடி மாதிரி வயதோடு வந்தது? படத்தை உற்றுப் பார்த்து மட்டும் இதைப் பிரிக்க முடியாது. வலியை வேண்டுமென்றே எழுப்பி, வலிக்கிற ஆளிடமே கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. அடுத்த வாரம் அதே இழுப்பை இழுத்து, குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வாராவாரம் ஸ்கேன் எடுக்க யாரால் முடியும்?

கைப்பரிசோதனையும் தவறும், மறுக்கவில்லை. குறுக்கே இழுக்கும் சோதனை தோளின் பின்புறம் இறுகியவர்களுக்கும் வலிக்கும். அதனால்தான் விரலால் காட்டியது, அழுத்தியது, இழுத்தது எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என்று சேர்த்துப் பார்க்கிறார்கள். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால், மருத்துவர் அந்த ஏ.சி. மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார். சில நிமிடத்தில் வலி அடங்கினால் இடம் உறுதி. மூட்டு மிகச் சிறியது என்பதால், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே போடாவிட்டால் ஊசி பல சமயம் குறி தப்பிவிடும். நான் அதுவரை போகவில்லை, ஆகவே அந்த அனுபவம் எனக்கில்லை.

என் மச்சானுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவர் கதை இன்னும் சுலபமாக முடிந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார்கள். அவராலும் முடியவில்லை, பிசியோதெரபிஸ்ட் பிடித்துத் திருப்பியும் அசையவில்லை. தோள் மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர் என்று அங்கேயே சந்தேகம் விழுந்தது. எலும்புத் தேய்மானமோ, தெரியாமல் விலகிய மூட்டோகூட இப்படிப் பூட்டிக்கொள்ளும் என்பதால் ஓர் எக்ஸ்ரே மட்டும் எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. வரை போகவில்லை.

ஸ்கேன் பக்கம் நியாயம் சாயும் இடங்களும் உண்டு. வண்டியிலிருந்து விழுந்தவர் முதலில் எக்ஸ்ரேக்குத்தான் போக வேண்டும். விழுந்த பிறகு கை மேலே எழும்பவே மறுத்தால் தசைநார் முழுதாக அறுந்திருக்கலாம். அங்கே தாமதிக்காமல் படம் எடுப்பதே சரி. தோளை எப்படி அசைத்தாலும் மாறாமல், மாடிப்படி ஏறும்போது மட்டும் வருகிற இடத்தோள் வலிக்கு இரண்டு வழியும் ஆகாது. அது இதயமாக இருக்கலாம், நேரே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். பந்து வீசுகிறவர்கள், எடை தூக்குகிறவர்கள் விஷயத்தில் என் ஒரு தோளை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஏ.சி. மூட்டுதான் குற்றவாளி என்று முடிவானபின் எனக்குச் சொன்ன வைத்தியம் சாதாரணமானது. தோள்பையை இடப்பக்கம் மாற்றினேன், தண்டால் எடுப்பதை நிறுத்தினேன், தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியை ரப்பர் பட்டையோடு தினமும் செய்தேன். எட்டாவது வாரம் அவர் மறுபடியும் கையைக் குறுக்கே இழுத்தார். கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் லேசாகத் தெரிந்தது. சுப்ராஸ்பினேட்டஸ் கிழிசல் அப்படியேதான் இருக்கும். அதை யாரும் தொடவில்லை.