கூட்டமா யோசிக்கிறதா, ஜோடியா யோசிக்கிறதா?
விளம்பர ஐடியாவுக்கு ஒரு ரூம்ல எல்லாரையும் உக்கார வெச்சு யாரும் யாரையும் குறை சொல்லாம பேச விடுறது, அதான் பிரெயின்ஸ்டார்மிங், பிபிடிஓ விளம்பர ஏஜென்சியோட அலெக்ஸ் ஆஸ்பார்ன் பிரபலமாக்குனது, ஆனா 1958ல யேல் பல்கலைக்கழகத்துல சோதிச்சப்போ தனித்தனியா யோசிச்சவங்க ஐடியாவைச் சேத்துப் பாத்தா அதுதான் அதிகம்னு வந்துச்சு. 1949ல நியூயார்க்ல ஆரம்பிச்ச டிடிபிங்கிற விளம்பர ஏஜென்சில, அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பில் பெர்ன்பாக் வேற வழி புடிச்சார், வாசகம் எழுதுற காப்பிரைட்டரையும் படம், வடிவமைப்பு பாக்குற ஆர்ட் டைரக்டரையும் ஜோடியா வேலை செய்ய விட்டார். அப்படி ஜூலியன் கோனிக், ஹெல்முட் க்ரோன் பண்ண ஃபோக்ஸ்வேகன் பீட்டில் விளம்பரத்தைப் பாருங்க, பக்கம் முழுக்க வெறும் இடம், ஒரு ஓரத்துல குட்டியா கார்! பெரிய மீட்டிங்ல இதை வெச்சிருந்தா அந்த வெற்றிடத்தை ரொப்பச் சொல்லி யாராவது கெடுத்திருப்பாங்க. என் ஓட்டு ஜோடிக்குத்தான். கூட்டம் போட்டே ஆகணும்னா, முதல்ல தனியா எழுதிட்டு வரச் சொல்லுங்க.