குருளைகளின் முதல் இரவு: மைதானமா, கடற்கரையா, குளக்கட்டா?

ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் குருளைச் சாரணர்களை முதல் தடவையாக ஓர் இரவு வெளியில் படுக்க வைக்கப் போகிறோம். இருபத்துநாலு பிள்ளைகள், ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை. பாசறை வேண்டுமா என்பதில் சண்டை இல்லை, எங்கே என்பதில்தான் பெற்றோர் கூட்டம் மூன்றாகப் பிரிந்தது. மட்டக்களப்பில் கல்லடிப் பக்கப் பாடசாலை மைதானமே போதும் என்றார்கள் அம்மாமார். கூப்பிடு தூரத்தில் கடற்கரை இருக்கும்போது மைதானத்தில் என்ன பாசறை என்றார்கள் இளம் சாரண ஆசிரியர்கள். அப்பாமார் சிலருக்கு உன்னிச்சைக் குளக்கட்டைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை. குழுவுக்கு நான்தான் அகேலா, அதாவது குருளைகளின் தலைவி, என்பதால் முடிவை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உன்னிச்சையை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் ஆசைக்கு அதுதான் முதலிடம். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனாலே காற்று வேறு. பொழுது குளத்துக்குள் இறங்கும் நேரத்தில் எந்தக் குழப்படிக்காரப் பிள்ளையும் பேசாமல் நின்று பார்க்கும். இரவில் நகரத்து வெளிச்சம் இல்லாததால் வெள்ளிகள் கொட்டிக் கிடக்கும். பெரிய சாரணர்களோடு போனபோது நானே மயங்கிப் போயிருந்தேன்.

ஆனால் அந்தப் பக்கம் யானை வரும். வரலாம் என்ற பேச்சில்லை, வயல்காரர் இராக் காவல் இருப்பதே அதற்காகத்தான். குளங்களில் முதலையும் உண்டு, ஆகவே கை கால் கழுவக்கூடப் பிள்ளையைத் தனியே கரைக்கு விட முடியாது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் தண்ணீரை நாமே ஏற்றிப் போக வேண்டும். பதினைந்து வயதுப் பொடியனுக்கு அது பயிற்சி, ஏழு வயதுக்கு அது வெறும் தாகம். எல்லாவற்றிலும் பெரிது இரவு பத்து மணிக் கணக்கு. முதல் பாசறையில் ஒரு பிள்ளையாவது அந்த நேரத்தில் அம்மா வேண்டும் என்று அழும். குளக்கட்டில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது? 1990க்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் வரும்தான். ஆனாலும் போதனா வைத்தியசாலைக்குப் பத்து நிமிடத்தில் போகிற இடமும், காட்டுப் பாதையால் போகிற இடமும் ஒன்றல்ல. (ஒருவர் இங்கினியாகலைக்கே போவோம் என்றார், சேனநாயக்க சமுத்திரத்தில் யானை நீந்துவதைப் பார்க்கலாமாம். பகலில் பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.)

கடற்கரை அப்படித் தூரம் இல்லை. ஆனால் கல்லடிக் கடல் பாசிக்குடா மாதிரி இல்லை. பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்தாலும் முழங்காலளவு தண்ணீர். கல்லடியில் அலை கரையிலேயே அடித்து இழுக்கும். இருபத்துநாலு பிள்ளைகளைக் கடலுக்கு முன்னால் படுக்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் யாரும் கண்ணயர முடியாது. கூடாரம் அடிப்பதும் வில்லங்கம்தான். மணலில் முளை நிற்காது. சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, குழி தோண்டிப் புதைத்தால்தான் காற்றுக்குத் தாங்கும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பது நல்ல பாடம், மறுக்கவில்லை. மலசலகூடத்துக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ரோட்டைக் கடந்து யார் வீட்டுக் கதவையோ தட்ட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கூட்டத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியும் கல்லடியும் என்ன பட்டன என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பன் பலர் அன்றைக்கு இதே வயதில் இருந்தவர்கள். ஓர் அம்மா, "பகல்ல எங்க வேணுமெண்டாலும் கொண்டு போங்க மிஸ், இரவில கடற்கரை வேணாம்" என்றார். காரணம் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

மைதானத்துக்கு வருவோம். அதில் புதுமை இல்லை, தினமும் விளையாடுகிற இடம்தானே என்பதுதான் குற்றச்சாட்டு. பகல் பாடசாலையை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். விளக்கணைத்த பாடசாலையில் இரவு ஒன்பது மணிக்கு நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தெரிந்த வேப்பமரம் தெரியாத மரமாகிவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தூரம் போவது பெரிய விசயமில்லை, தெரிந்த இடத்தை இருட்டில் பார்ப்பதுதான் பெரிது. மழை பெய்தால் ஓடி ஒதுங்க மண்டபம் இருக்கிறது. அழுகிற பிள்ளைக்கு அப்பா மோட்டார்சைக்கிளில் வந்து பக்கத்தில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாம். பெரும்பாலும் அதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

மைதானம் என்றதும் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு வேறொரு பாடசாலையில் பாசறை போட்டபோது, மலசலகூடத் திறப்பை வைத்திருந்தவர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். போன் வேலை செய்யவில்லை. அன்றிரவு நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். பாம்பும் குளக்கட்டுக்கு மட்டும் உரியதல்ல. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள்ளேயே வந்து, தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கிற சாதி. கடித்த இடத்தில் நோவே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே எங்கே படுத்தாலும் நுளம்பு வலை வேண்டும், வலையின் கரையைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருக வேண்டும். நுளம்புத்திரி பாம்பைத் தடுக்காது. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பதால் முதல் நாளே மைதானத்தைச் சுற்றி சிரட்டை, யோகட் கோப்பை எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். அதைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம்.

செலவைப் பற்றி அதிகம் பேச இல்லை. உன்னிச்சைக்கு பஸ், தண்ணீர், விறகு என்று காசு ஓடும். மைதானத்துக்கு அரிசியும் பருப்பும் போதும், பிட்டும் சம்பலும் அம்மாமார் பொறுப்பு.

ஆக, மைதானம்தான் என்று முடித்துவிட்டேன். எந்த நாள் என்பதில்தான் நான் பிடிவாதமாக நின்றேன்: போயா. விடுமுறை நாள், பெற்றோருக்கும் வேலை இல்லை. முழு நிலவில் டோர்ச் இல்லாமலே பிள்ளைகள் மலசலகூடம் வரைக்கும் நடப்பார்கள். வெள்ளி பார்க்கக் கிடைக்காது, அது நட்டம்தான். பதிலுக்குக் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க நிலவு நாள்தான் நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தீப்பாசறை முடிந்த பிறகு அங்கே கூட்டிப்போகலாமா என்று ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில் பாலத்தடியில் இருபத்துநாலு பேரை எண்ணிக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

கடற்கரையை முழுக்க விட்டுவிடவில்லை. விடியப்புறம் ஐந்து மணிக்கு எழுப்பி, ஆறு பேர் கொண்ட நாலு குழுவாக நடத்திக்கொண்டு போய், எழுவான்கரையில் பொழுது கிளம்புவதைக் காட்டிவிட்டு, கால் நனைக்காமல் திருப்பிக் கொண்டு வருவோம். உன்னிச்சை அப்பாமார் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இராக் காவல் கொடுத்திருக்கிறேன், ஒருவருக்கு இரண்டு மணித்தியாலம். திறப்பு இந்தத் தடவை என்னிடம்.